என்எஃப்எல் டிராஃப்டும் பிளேஆஃபும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல சூப்பர் போல்ன்ற ஃபைனல் மட்டும் பாத்துட்டிருந்த நண்பர்கள் நிறைய பேர் இப்ப சீசன் முழுக்க பாக்க ஆரம்பிச்சிருக்காங்க, நல்ல விஷயம். ஆனா ஏப்ரல் வந்தா டிராஃப்ட் பத்தியும் ஜனவரி வந்தா பிளேஆஃப் பத்தியும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருது. அதையெல்லாம் அவங்க கேட்ட வார்த்தையிலயே இங்க போட்டிருக்கேன். ரூல் என்னன்றதோட என் அபிப்பிராயமும் கலந்துதான் இருக்கும். இந்த ரெண்டு விஷயத்துலயும் எனக்கு வலுவான கருத்து உண்டு, ஒளிச்சு வைக்கப் போறதில்ல.

டிராஃப்ட்னா என்னங்க? ஐபிஎல் ஏலம் மாதிரி காசு கட்டி ஆள எடுக்கறதா?

இல்லங்க, காசுக்கு இங்க வேலையே இல்ல. ஐபிஎல்ல யார் அதிகமா கேக்குறாங்களோ அவங்களுக்கு ஆள். இங்க வரிசைதான் எல்லாம். காலேஜ் ஃபுட்பால் ஆடிட்டு வர்ற பசங்கள 32 டீமும் ஒண்ணு மாத்தி ஒண்ணு பேர் சொல்லி எடுப்பாங்க. மொத்தம் 7 ரவுண்டு, மூணு நாள், கிட்டத்தட்ட 250 சொச்சம் பேர். ஒரு டீம் உன் பேரச் சொல்லிட்டா நீ அந்த டீமோடதான் ஒப்பந்தம் போடணும், வேற டீம் உன்கிட்ட பேசவே முடியாது.

ஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் ஆகியிருந்தாதான் ஒருத்தர் டிராஃப்டுக்கே வர முடியும். அதனாலதான் 18 வயசுப் பையன் யாரையும் என்எஃப்எல்ல பாக்க மாட்டீங்க.

மோசமா ஆடின டீமுக்கு முதல் சான்ஸாம்ல, இது என்ன நியாயம் ப்ரோ?

இத ஆரம்பிச்சவரே ஒரு மோசமான டீமோட ஓனர்தான். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஓனர் பெர்ட் பெல். 1935ல அவர் டீம் 2 ஜெயிச்சு 9 தோத்துச்சு. அப்பல்லாம் காலேஜ் முடிச்ச பையன் யார் அதிகம் தர்றாங்களோ அங்க போவான். பணமும் பேரும் இருந்த சிகாகோ பேர்ஸ், நியூ யார்க் ஜெயன்ட்ஸ் மாதிரி டீம்கள்தான் நல்ல ஆளுங்கள அள்ளிட்டுப் போவாங்க. கடைசி டீம் முதல்ல எடுக்கட்டும்னு பெல் சொன்னார், மத்த ஓனர்களும் ஒத்துக்கிட்டாங்க. 1936 பிப்ரவரில ஃபிலடெல்ஃபியால ஒரு ஹோட்டல்ல முதல் டிராஃப்ட் நடந்துச்சு. 9 டீம், 9 ரவுண்டு, 81 பேர். முதல் ஆளா எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் கடைசிவரைக்கும் ஒரு என்எஃப்எல் மேட்ச் கூட ஆடல, சம்பளம் ஒத்துவரலன்னு வேற வேலைக்குப் போயிட்டார்.

நியாயமான்னு கேட்டா என் பதில், ஆமா, நியாயம்தான். க்ரீன் பே ஒரு லட்சம் சொச்சம் பேர் மட்டும் இருக்கிற ஊரு. அந்த ஊர் டீம் நியூ யார்க், டல்லாஸ் டீம்களுக்குச் சமமா நின்னு கப் அடிக்க முடியுதுன்னா அதுக்கு சம்பள உச்சவரம்பு, டிவி பணத்தைச் சமமா பிரிக்கறது, டிராஃப்ட், இந்த மூணும்தான் காரணம். டிராஃப்ட எடுத்துட்டா நாலஞ்சு பெரிய ஊரு மட்டும் மிஞ்சும்.

சரி, அந்த 32 வரிசைய எப்படி முடிவு பண்றாங்க? அப்படியே பாயின்ட்ஸ் டேபிள தலைகீழா திருப்பினா போதுமா?

முழுசா அப்படி இல்ல, இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. பிளேஆஃப் போகாத 18 டீமுக்கு மட்டும்தான் டேபிள தலைகீழா திருப்புறது. 1ல இருந்து 18 வரைக்கும் அவங்கதான். ரெண்டு டீம் ஒரே ரெக்கார்டுன்னா (ஜெயிச்சது-தோத்தது எண்ணிக்கை) யாரோட எதிராளிங்க பலவீனமானவங்களோ அவங்களுக்கு முன்னாடி இடம், ஏன்னா லேசான ஆளுங்ககிட்ட ஆடியே இவ்ளோதான் ஜெயிச்சிருக்காங்கன்னு கணக்கு.

பிளேஆஃப் போன 14 டீமுக்கு எந்தச் சுற்றுல தோத்தாங்கன்றதுதான் முதல் கணக்கு. முதல் சுற்றுல தோத்த 6 டீம் 19ல இருந்து 24, அடுத்த சுற்றுல தோத்த 4 டீம் 25ல இருந்து 28, கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல தோத்தவங்க 29, 30. சூப்பர் போல்ல தோத்தவங்க 31, ஜெயிச்சவங்க 32. ஆக பிளேஆஃப் ஃபார்மேட்ல கைய வெச்சா டிராஃப்ட் வரிசையும் மாறும். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

பிளேஆஃப்ல எத்தனை டீம், யார் யார் போவாங்க? ஒரு தடவ தெளிவா சொல்லிடுங்க.

32 டீமும் ரெண்டு கான்ஃபரன்ஸ், ஏஎஃப்சி, என்எஃப்சி. ஒவ்வொண்ணுலயும் 16 டீம், அதுல நாலு டிவிஷன், டிவிஷனுக்கு நாலு டீம். டிவிஷன்ல முதல் வந்த நாலு டீமும் நேரா உள்ள, அவங்களுக்கு 1ல இருந்து 4 வரைக்கும் சீடு, அதாவது தரவரிசை இடம். மிச்சம் இருக்கிற 12 டீம்ல நல்ல ரெக்கார்டு உள்ள மூணு டீம் வைல்ட் கார்டு, 5, 6, 7 சீடு. கான்ஃபரன்ஸுக்கு 7, மொத்தம் 14.

முதல் சுற்றுல 2ம் 7ம், 3ம் 6ம், 4ம் 5ம் மோதும், சீடு மேல இருக்கிறவங்க ஊர்லதான் மேட்ச். முதல் சீடு அந்த வாரம் ஆடவே வேண்டாம், அதுதான் பை. அடுத்த சுற்றுல மிச்சம் இருக்கிறதுல கடைசி சீடு யாரோ அவங்க முதல் சீடோட ஊருக்கு வரணும். எல்லாமே ஒரே மேட்ச், தோத்தா வீட்டுக்கு. சூப்பர் போல் மட்டும் முன்கூட்டியே முடிவான ஒரு பொது ஊர்ல.

ஒரு வாரம் ரெஸ்ட்தான, அந்த பை-க்கு ஏன் இவ்ளோ அடிச்சுக்கறாங்க?

17 மேட்ச் ஆடி முடிச்ச டீம்ல பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அடி இருக்கும். அதுக்கு ஒரு வாரம் ரொம்பப் பெருசு. அதைவிட முக்கியம், நாலு நாக்அவுட் ஜெயிக்க வேண்டியதுக்குப் பதிலா மூணு ஜெயிச்சா போதும், அதுல ரெண்டும் சொந்த ஊர்ல. பை கிடைச்சாலே கப்பு இல்ல, 2024 சீசன்ல 15-2ன்னு (15 வெற்றி, 2 தோல்வி) முடிச்ச டெட்ராய்ட் லயன்ஸ் ஆடின முதல் பிளேஆஃப் மேட்ச்லயே சொந்த ஊர்ல வாஷிங்டன்கிட்ட 45-31 தோத்துச்சு. ஆனாலும் எந்த கோச்கிட்ட கேட்டாலும் பை வேணும்னுதான் சொல்வார்.

2019 வரைக்கும் கான்ஃபரன்ஸுக்கு ரெண்டு டீமுக்கு பை இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான்.

2020ல 12 டீம 14 ஆக்கினாங்களே, அது நல்லதா கெட்டதா?

என் கருத்து, தேவையே இல்லாத மாற்றம். முதல் வார இறுதில நாலு மேட்ச் இருந்த இடத்துல ஆறு ஆச்சு, டிவிக்கு விக்க ரெண்டு மேட்ச் கூட கிடைச்சுது, ஓனர்களுக்கு அதுல லாபம், அத நான் தப்புன்னு சொல்லல. ஆட்டத்துக்கு என்ன கிடைச்சுதுன்னு பாருங்க. 2020ல இருந்து 2024 சீசன் வரைக்கும் அஞ்சு வருஷத்துல 7ம் சீடு ஆடினது 10 மேட்ச், ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. 2023 சீசன்ல க்ரீன் பே பேக்கர்ஸ் டல்லாஸ் ஊர்லயே போய் 48-32 அடிச்சாங்களே, அதுதான். மத்ததுல பஃபலோகிட்ட இண்டியானாபொலிஸ் 27-24, மயாமி 34-31ன்னு கொஞ்சம் இழுத்தாங்க, மிச்சமெல்லாம் பெரும்பாலும் ஒருதலைப்பட்சம்.

ஆனா 7ம் சீட விட எனக்கு வலிக்கிறது ரெண்டாவது சீடுக்கு நடந்ததுதான். முன்னாடி பை கிடைச்சிருக்க வேண்டிய டீம் இப்ப கூடுதலா ஒரு நாக்அவுட் ஆடணும். 2024ல ஈகிள்ஸ் 14-3, பழைய ரூல்ல வீட்ல உக்காந்திருப்பாங்க. அவங்க 7ம் சீடா வந்த பேக்கர்ஸையும் ஜெயிச்சு கடைசில சூப்பர் போலும் ஜெயிச்சாங்க, அது வேற விஷயம். செப்டம்பர்ல இருந்து கஷ்டப்பட்டு ஜெயிச்சதோட மதிப்பக் குறைச்சு பத்தாவது வாரம் வரைக்கும் தூங்கின டீமுக்கு ஒரு கதவத் திறந்து விட்டாங்க.

இன்னொரு பக்கமும் உண்டு, சொல்லிடறேன். கடைசி ரெண்டு மூணு வாரத்துல இன்னும் நிறைய ஊர்ல நம்பிக்கை உயிரோட இருக்கு, டிசம்பர் மேட்ச் பாக்க ஆள் வர்றாங்க. உண்மைதான். அதுக்காக நாம குடுத்த விலை ஜாஸ்தின்றதுதான் என் வாதம்.

பாதி மேட்ச் கூட ஜெயிக்காத டீம்லாம் பிளேஆஃப் வருதே, அது எப்படி சாத்தியம்?

டிவிஷன்ல முதல் வந்தா போதும், எத்தனை ஜெயிச்சன்னு கேக்க மாட்டாங்க. நாலு டீமும் மோசமா இருந்தா அதுல கொஞ்சம் கம்மியா மோசமான டீம் உள்ள வந்துரும். 2010ல சியாட்டில் சீஹாக்ஸ் 7-9, 2014ல கரோலினா பேந்தர்ஸ் 7-8-1 (கடைசி 1 டை), 2020ல வாஷிங்டன் 7-9, 2022ல டாம்பா பே 8-9.

சியாட்டில் கதை எல்லாருக்கும் தெரியணும். அந்த வருஷம் ஜெயன்ட்ஸும் டாம்பா பேயும் 10-6 அடிச்சிட்டு வெளிய நின்னாங்க, 7-9 சியாட்டில் உள்ள, அதுவும் சொந்த ஊர்ல மேட்ச். எதிர்ல வந்தது முந்தின வருஷ சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ், 11-5. எல்லாரும் இது கேவலம், ரூல மாத்துங்கன்னு கத்திட்டிருந்தப்ப சியாட்டில் 41-36 ஜெயிச்சிருச்சு. கடைசி நாலு நிமிஷத்துக்குள்ள மார்ஷான் லின்ச் 67 கஜம் ஓடினார், பிடிக்க வந்தவங்க ஒவ்வொருத்தரா சட்டைய இழுத்து கால இழுத்துப் பாத்தாங்க, ஒருத்தர ஒரே கையால தரையில தள்ளிட்டுப் போய் டச்டவுன் (எல்லைக்கோட்டத் தாண்டினா 6 பாயின்ட்) போட்டார். கூட்டம் குதிச்ச குதில பக்கத்துல இருந்த நில அதிர்வுக் கருவில பதிவாச்சு. அந்த ஒரு ஓட்டத்துக்கு அப்புறம் ரூல மாத்தணும்ன்ற பேச்சு அடங்கிடுச்சு. அந்த ஓட்டத்த நான் எத்தனை தடவ வேணா பாப்பேன், ஆனா ஒரு நல்ல மேட்ச் நடந்துச்சுன்றதால ரூல் நல்ல ரூல் ஆயிடாது.

14 மேட்ச் ஜெயிச்ச வைக்கிங்ஸ் ஏன் 10 ஜெயிச்ச ராம்ஸ் ஊருக்குப் போகணும்? லாஜிக்கே புரியல அண்ணே.

எனக்கும் அதுல லாஜிக் தெரியல தம்பி. 2024 சீசனோட கடைசி ஞாயிறு ராத்திரி, டெட்ராய்ட்ல லயன்ஸும் மினசோட்டா வைக்கிங்ஸும், ரெண்டும் 14-2. ஜெயிச்சா முதல் சீடு, பை, ரெண்டு வாரம் நிம்மதி. தோத்தா அஞ்சாவது சீடு. நடுவுல எதுவுமே கிடையாது, ஒரே டிவிஷன்றதால. லயன்ஸ் 31-9 ஜெயிச்சாங்க. வைக்கிங்ஸ் 14-3, வைல்ட் கார்டு டீம் ஒண்ணு இவ்ளோ ஜெயிச்சதே வரலாறுல இல்ல, அந்த டீம் பெட்டி கட்டிக்கிட்டு டிவிஷன் ஜெயிச்ச 10-7 ராம்ஸ் ஊருக்குப் போகணும்னு ஆச்சு. லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீ காரணமா மேட்ச அரிசோனாவுக்கு மாத்தினாங்க, அங்க ராம்ஸ் 27-9 ஜெயிச்சாங்க. அதே வாரம் 12-5 வாஷிங்டன் 10-7 டாம்பா பே ஊருக்குப் போய் ஆட வேண்டி வந்துச்சு, அவங்க எப்படியோ 23-20 தப்பிச்சாங்க.

இதப் பாத்துட்டு 2025 தொடக்கத்துல ஒரு டீம் முறைப்படி திட்டம் குடுத்துச்சு, டிவிஷன் ஜெயிச்சா உள்ள வரலாம், ஆனா சீடு ரெக்கார்டு வெச்சுதான்னு. குடுத்தது யாருன்னா லயன்ஸ், அந்த ரூலால லாபம் அடைஞ்ச அதே டீம். அதனாலயே அவங்க மேல எனக்கு மரியாதை கூடிருச்சு. ஆனா ரூல் மாத்த 32 ஓனர்ல 24 பேர் ஓட்டு வேணும், அவ்ளோ ஆதரவு வரலன்னு தெரிஞ்சு மே மாசம் வாபஸ் வாங்கிட்டாங்க.

நான் முழுக்க அந்தத் திட்டத்தோட பக்கம். டிவிஷன் ஜெயிச்சதுக்குப் பரிசு பிளேஆஃப்ல ஒரு இடம், அது போதும். சொந்த ஊர்ல ஆடுற உரிமைய ஜெயிச்ச மேட்ச் எண்ணிக்கை தீர்மானிக்கணும். இது முடியாத காரியம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 1974 வரைக்கும் பிளேஆஃப் மேட்ச் நடக்கற ஊரையே சுழற்சி முறைலதான் முடிவு பண்ணாங்க. 1972ல ஒரு மேட்ச் கூட தோக்காத மயாமி டால்ஃபின்ஸ் ஏஎஃப்சி ஃபைனலுக்கு பிட்ஸ்பர்க் போய் ஆடினாங்க, 21-17 ஜெயிச்சாங்க. அது அபத்தம்னு புரிஞ்சு 1975ல மாத்தினாங்கல்ல, இதையும் மாத்தலாம்.

அப்ப டிவிஷனையே தூக்கிட்டு மொத்தமா டாப் 7 எடுக்கலாமே?

வேண்டாம். 17 மேட்ச்ல 6 மேட்ச் சொந்த டிவிஷனோடதான், மிச்சமும் டீமுக்கு டீம் மாறும். எல்லாரும் எல்லாரோடயும் ஆடுற லீக் இல்ல இது. எதிராளியே வேற வேறன்னா ஒரே டேபிள்ல போட்டு ஒப்பிடறது சரியா வராது. அதுவுமில்லாம க்ரீன் பே-சிகாகோ, டல்லாஸ்-ஃபிலடெல்ஃபியா பகையெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவ கண்டிப்பா மோதறதாலதான் இவ்ளோ சூடா இருக்கு. அத அழிச்சிட்டா ஆட்டத்துல பாதி உப்பு போயிடும்.

ஓவர்டைம் ரூலையும் மாத்தினாங்களாமே, ஏன்?

2022 ஜனவரி 23, கன்சாஸ் சிட்டில சீஃப்ஸும் பஃபலோ பில்ஸும். 13 செகண்ட் இருக்கும்போது பஃபலோ 36-33 முன்னாடி. அந்த 13 செகண்ட்ல சீஃப்ஸ் சமன் பண்ணாங்க, ஓவர்டைம்ல டாஸ் ஜெயிச்சாங்க, நேரா போய் டச்டவுன், 42-36, மேட்ச் முடிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி முழுக்க அற்புதமா ஆடின பஃபலோ குவாட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்த நடத்துறவர்) ஜாஷ் ஆலனுக்கு ஓவர்டைம்ல பந்து கைக்கே வரல.

ரெண்டே மாசத்துல 29-3 ஓட்டுல ரூல மாத்தினாங்க, பிளேஆஃப் ஓவர்டைம்ல ரெண்டு டீமுக்கும் ஒரு தடவயாவது பந்து கிடைக்கணும்னு. 2025ல லீக் மேட்சுக்கும் கொண்டு வந்துட்டாங்க. எனக்கு இதுல ரொம்ப சந்தோஷம். ஒரு காசு சுண்டி சீசன முடிக்கக் கூடாது.

நல்ல டிராஃப்ட் இடத்துக்காக கடைசி நேரத்துல வேணும்னே தோக்குறாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

பிளேயர்ஸ் வேணும்னு தோக்க மாட்டாங்க, அத நான் உறுதியா நம்புறேன். அடுத்த வருஷம் எடுக்கப் போற பையன் இவன் இடத்துக்குத்தான் வரப் போறான், அவனுக்காக இவன் ஏன் தோக்கணும்? ஆனா யார் களத்துல நிக்கணும்னு முடிவு பண்றது கோச்சும் மேனேஜ்மெண்டும். சந்தேகம் எல்லாம் அங்கதான்.

2020 சீசனோட கடைசி ராத்திரி மேட்ச், ஈகிள்ஸும் வாஷிங்டனும். ஈகிள்ஸ் எப்பவோ வெளிய போயாச்சு. வாஷிங்டன் ஜெயிச்சா 7-9ல டிவிஷன் அவங்களுக்கு, தோத்தா 6-10 ஜெயன்ட்ஸ் உள்ள வரும். நாலாவது குவாட்டர்ல வாஷிங்டன் 17-14 முன்னாடி, மூணே பாயின்ட் வித்தியாசம், அப்பப் பாத்து ஈகிள்ஸ் கோச் டக் பீடர்சன் தன்னோட குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ உக்கார வெச்சிட்டு அந்த சீசன்ல அதுவரைக்கும் ஆடாத நேட் சட்ஃபெல்ட இறக்கினார். இன்டர்செப்ஷன் (வீசின பந்த எதிரணி பிடிக்கறது) ஒண்ணு, ஃபம்பிள் (பந்து கைநழுவறது) ஒண்ணு, 20-14 தோல்வி. அந்தத் தோல்வியால ஈகிள்ஸோட டிராஃப்ட் இடம் 9ல இருந்து 6க்கு முன்னேறுச்சு. சட்ஃபெல்டுக்கும் ஆட வாய்ப்பு குடுக்க நினைச்சேன், ஜெயிக்கத்தான் பாத்தேன்னு கோச் சொன்னார். நியூ யார்க்ல யாரும் அத ஏத்துக்கல. டிராஃப்ட் வரிசை பிளேஆஃப் கதவு வரைக்கும் வந்து கைய வெச்ச நாள் அது. அந்த மேட்ச பாத்த கோபம் எனக்கு இன்னும் போகல.

அப்ப என்பிஏ மாதிரி லாட்டரி வெச்சுட்டா பிரச்சனை முடிஞ்சுதே?

முடியாது. என்பிஏன்ற அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல 1985ல இருந்து டிராஃப்ட் வரிசைக்கு லாட்டரி குலுக்கல் இருக்கு, 2019ல கடைசி மூணு டீமுக்கும் முதல் இடத்துக்கு சமமா 14 சதவீத வாய்ப்புன்னு கூட ஆக்கிப் பாத்தாங்க, தோக்கறது அங்க நின்னுச்சா? இல்ல. ஒரே டீம் கடைசியா வர்றதுக்குப் பதிலா பல டீம் கீழ போகப் பாக்குது. அதோட நிஜமாவே ஆள் இல்லாம கஷ்டப்படற டீமுக்கு அதிர்ஷ்டம் இல்லன்னா அவ்ளோதான்.

எனக்குப் பிடிச்ச வழி வேற. வட அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹாக்கி லீக் பிடபிள்யூஹெச்எல் 2024ல ஆரம்பிச்சப்பவே இத வெச்சாங்க. பிளேஆஃப் வாய்ப்பு போனதுக்கு அப்புறம் நீ எவ்ளோ ஜெயிக்கறியோ அத வெச்சு டிராஃப்ட் வரிசை. மோசமான டீம் சீக்கிரமே வெளிய போகும், அதனால அவங்களுக்கு நிறைய மேட்ச் மிச்சம் இருக்கும், உதவி அவங்களுக்கே போகும், ஆனா ஜெயிச்சாதான் கிடைக்கும். என்எஃப்எல்ல மேட்ச் எண்ணிக்கை கம்மி, நாலஞ்சு மேட்ச்தான் மிச்சம் இருக்கும், குவாட்டர்பேக் கால் உடைஞ்சு கிடக்கிற டீம் என்ன பண்ணும்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், அப்படியே எடுத்துப் போட முடியாது, பழைய வரிசையோட கலந்து வைக்கணும். ஆனா டிசம்பர்ல தன் டீம் தோக்கணும்னு ஒரு ரசிகன வேண்ட வைக்கிற முறைக்கு இது எவ்வளவோ மேல்.

முதல் பிக் (டிராஃப்ட்ல முதல்ல ஆள எடுக்குற வாய்ப்பு) கிடைச்சுட்டா டீம் தலையெழுத்தே மாறிடும்ல?

ஹூஸ்டன் டெக்சன்ஸ் கதையக் கேளுங்க. 2022 சீசன் கடைசி மேட்ச், இண்டியானாபொலிஸ்ல. தோத்தா முதல் பிக் கண்டிப்பா அவங்களுக்கு. 31-24 பின்னாடி, ஒரு நிமிஷம் கூட இல்ல, நாலாவது டவுன் (கடைசி முயற்சி), இன்னும் 20 கஜம் போகணும், சாதாரணமா அதோட கதை முடிஞ்சுது. டேவிஸ் மில்ஸ் தூக்கிப் போட்டார், ஜோர்டன் ஏகின்ஸ் எண்ட் ஜோன்ல பிடிச்சார், டச்டவுன். ஒரு பாயின்ட் எடுத்து ஓவர்டைம் போகாம ரெண்டு பாயின்டுக்குப் போனாங்க, அதையும் ஏகின்ஸே பிடிச்சார், 32-31. அன்னிக்கு ராத்திரியே கோச் லவ்வி ஸ்மித் வேலைய விட்டுத் தூக்கப்பட்டார், முதல் பிக் சிகாகோ பேர்ஸுக்குப் போச்சு.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். சிகாகோ அந்தப் பிக்க கரோலினாவுக்கு வித்துச்சு. கரோலினா டிஜே மூர்ன்ற நல்ல ரிசீவரையும் ரெண்டு முதல் ரவுண்டு பிக், ரெண்டு இரண்டாம் ரவுண்டு பிக்கையும் குடுத்து பிரைஸ் யங்க எடுத்தாங்க, அந்த வருஷம் 2-15. அவங்க குடுத்த 2024 பிக்கே முதல் பிக்கா ஆகி சிகாகோ அதுல கேலப் வில்லியம்ஸ எடுத்துச்சு. "ஜெயிச்சுக் கெடுத்துக்கிட்ட" டெக்சன்ஸ் ரெண்டாவதா சி.ஜே. ஸ்ட்ரௌட எடுத்தாங்க, 10-7, டிவிஷன் சாம்பியன், பிளேஆஃப்ல கிளீவ்லேண்ட 45-14 அடிச்சாங்க, அவருக்குச் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. பின்னாடி பெரிய குவாட்டர்பேக்கா ஆனவங்களப் பாருங்க: டாம் பிரேடி 199வது பிக், பிராக் பர்டி 2022ல கடைசி ஆளா 262வது. கர்ட் வார்னர யாருமே எடுக்கல. தோக்கறது புத்திசாலித்தனம்னு சொல்றவங்ககிட்ட நான் இந்தப் பட்டியலத்தான் நீட்டுவேன்.

எடுத்த டீம் பிடிக்கலன்னா அந்தப் பையன் என்ன பண்றது? இது அடிமைத்தனம் மாதிரி இல்லையா?

வழி ரொம்பக் கம்மி. ஒரு வருஷம் சும்மா உக்காந்துட்டு அடுத்த டிராஃப்டுக்கு வரலாம், இல்ல முன்னாடியே வர மாட்டேன்னு சொல்லி வேற டீமுக்கு மாத்திவிட வைக்கலாம். 1983ல ஜான் எல்வே பால்டிமோருக்கு வர மாட்டேன்னு சொல்லி டென்வர் போனார், 2004ல ஈலை மேனிங் சான் டியேகோ வேண்டாம்னு சொல்லி நியூ யார்க் போனார். அந்த அளவு பேரம் பேச முதல் இடத்துல இருக்கிற குவாட்டர்பேக்கா இருக்கணும், மூணாவது ரவுண்டு லைன்மேன் பேசினா யாரும் கேக்க மாட்டாங்க.

சம்பளத்துலயும் கட்டுப்பாடு. 2010ல முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம், 2011 தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு அப்புறம் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 2.2 கோடி. ஒரு வருஷத்துல பாதிக்கும் கீழ. அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது ஏற்கனவே ஆடிட்டிருந்தவங்க சங்கம், காலேஜ் பசங்களுக்கு அங்க குரலே இல்ல. டிராஃப்ட் வேணும்னு சொல்ற நான் இத சரின்னு சொல்ல மாட்டேன். இவங்க உடம்பு தாங்கறதே சில வருஷம், முதல் ஒப்பந்த காலத்தக் குறைச்சு சீக்கிரம் சந்தைக்கு விடறதுதான் நியாயம்.

அடுத்து 16 டீம் ஆக்கிடுவாங்களா?

ஆசை சிலருக்கு இருக்கும். 1982ல ஸ்ட்ரைக்கால 9 மேட்ச்தான் நடந்துச்சு, அப்ப 16 டீம உள்ள விட்டாங்க, அது அவசரத்துக்கு. இப்ப ஆக்கினா பை சுத்தமா போயிடும், முதல் சீடுக்கு இருக்கிற ஒரே பெரிய பரிசும் காலி. 18வது லீக் மேட்ச் பத்தின பேச்சும் ஓடிட்டிருக்கு, அதுக்குப் பிளேயர் சங்கம் ஒத்துக்கணும். மேட்ச கூட்டிட்டு அந்த மேட்ச ஜெயிக்கறதோட மதிப்பக் குறைச்சா அது ரெட்டைத் தப்பு.

7-9 டீம் பிளேஆஃப் போச்சுன்னா டிராஃப்ட்ல அதுக்கு லாபமா நஷ்டமா?

நஷ்டம். மேல சொன்ன 2010 கதையே எடுத்துக்கோங்க, அப்ப 12 டீம் பிளேஆஃப், அதனால போகாதவங்க வரிசை 20 வரைக்கும். 10-6 அடிச்சும் வெளிய நின்ன ஜெயன்ட்ஸுக்கு 19வது பிக், டாம்பா பேக்கு 20வது. 7-9 சியாட்டில் ஒரு மேட்ச் ஜெயிச்சிட்டதால 25வது. மூணு மேட்ச் அதிகமா ஜெயிச்சவங்க முன்னாடி, கம்மியா ஜெயிச்சவங்க பின்னாடி. அதே மாதிரி 14-3 வைக்கிங்ஸ் முதல் சுற்றுல தோத்ததால 2025ல 24வது இடம். எந்த ஜெயன்ட்ஸ் ரசிகரும் அந்த ஆறு இடத்துக்காக சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

உங்க ரூல் இருந்திருந்தா 2011 ஜெயன்ட்ஸ் கப் அடிச்சிருக்குமா?

இத கேக்கறவங்க விவரமானவங்க. அந்த வருஷம் ஜெயன்ட்ஸ் 9-7, டிவிஷன் சாம்பியன், நாலாவது சீடு. 10-6 அட்லாண்டாவ சொந்த ஊருக்கு வரவெச்சு 24-2 அடிச்சாங்க. ரெக்கார்டு வெச்சு சீடு குடுத்திருந்தா அட்லாண்டாவும் டெட்ராய்ட்டும் அவங்களுக்கு மேல போயிருக்கும், ஜெயன்ட்ஸ் ஆறாவது சீடா 13-3 நியூ ஆர்லியன்ஸ் ஊருக்குப் போயிருக்கணும். அந்த நியூ ஆர்லியன்ஸ் அந்த வருஷம் சொந்த ஊர்ல ஒரு லீக் மேட்ச் கூட தோக்கல, நவம்பர்ல இதே ஜெயன்ட்ஸ 49-24 அடிச்சு அனுப்பியிருந்தாங்க. அதனால முதல் சுற்றுலயே கதை முடிஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஒத்துக்கறேன்.

ஆனா அதே ஜெயன்ட்ஸ் அடுத்த வாரம் 15-1 க்ரீன் பேய அவங்க ஊர்லயே 37-20, அதுக்கடுத்த வாரம் சான் ஃபிரான்சிஸ்கோவ அவங்க ஊர்லயே ஓவர்டைம்ல 20-17 ஜெயிச்சாங்க. அப்புறம்தான் சூப்பர் போல்ல நியூ இங்கிலாந்து, 21-17. அவ்ளோ பலம் இருக்கிற டீம் நியூ ஆர்லியன்ஸ் போயும் ஜெயிச்சிருக்கலாம். ஜெயிக்கலன்னா, 13 மேட்ச் ஜெயிச்ச டீம்கிட்ட அவங்க ஊர்ல 9 ஜெயிச்ச டீம் தோத்ததுல எனக்கு ஒரு குறையும் தெரியல.